ஒட்டாத படலம்

"இருபது கண்ணாடித் துண்டு கழுவ அரை நாளா அக்கா? ஆமைகூட இந்நேரம் ஊரைத் தாண்டியிருக்கும்!"

பேராசிரியை இப்படிக் கேட்டதும் ஆராய்ச்சி மாணவர்கள் ஐந்து பேரும் களுக்கென்று சிரித்தார்கள். கழுவும் தொட்டியருகே நின்ற ஆய்வக உதவியாளர் தலையைக் குனிந்துகொண்டாள்.

பேராசிரியைக்கு எரிச்சல் அடங்கவில்லை. அவள் தலைவலி அவளுக்கு. சிறுநீரகம் கெடத் தொடங்குவதை ஒரு சொட்டு ரத்தத்தில் சொல்லிவிடும் சென்சார்; மூன்று வருஷ உழைப்பு. தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய படலத்தைக் கண்ணாடியில் பூச வேண்டும். அந்தப் படலத்தில் ரத்தத்தின் புரதம் வந்து ஒட்டினால்தான் சென்சார் வாய் திறக்கும். வெள்ளிக்கிழமை நிபுணர் குழு பார்க்க வருகிறது.

"நாளையிலேர்ந்து நீங்க ஸ்டோர் ரூமைப் பாத்துக்கோங்க. கழுவறதுக்கு வேற ஆள் வரட்டும்."

"சரி மேடம்."

புதிதாக வந்தவள் படு சுறுசுறுப்பு. ஒரு மணி நேரத்தில் இருபதும் பளிச்சென்று வந்துவிட்டன.

"இது வேலை!" பேராசிரியை எப்போதும்போல ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தானே அடுக்கி வைத்தாள்.

மறுநாள் பூசிய படலம் வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வந்தது. இருபதிலும். அதற்கடுத்த நாளும் அதே கதை. வெள்ளிக்கிழமைக்கு இரண்டே நாள்.

"என்னத்தைம்மா கழுவுற?"

"உங்க கண்ணு முன்னாடிதானே மேடம் கழுவினேன்!" புதியவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பேராசிரியை ஒரு துண்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். ஓரத்தில் ஒரு கைரேகை. லேசான எண்ணெய்ப் பசை.

அமிலத்திலும் சோப்பிலும் வெடித்துப்போன விரல்களுக்குத் தினமும் காலையில் கிரீம் தடவிக்கொள்வது பேராசிரியைதான். கையுறை இல்லாமல் எடுத்துப் பார்த்தவளும் அவள்தான்.

அப்படியானால் இத்தனை நாள் படலம் எப்படி ஒட்டியது?

விடுவிடுவென்று ஸ்டோர் ரூமுக்கு நடந்தாள். பழைய உதவியாளர் பாட்டில்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா... நான் எடுத்துப் பாத்த ஸ்லைடை எல்லாம் நீங்க திரும்பவும் கழுவினீங்களா?"

அவள் தயங்கினாள். "ஆமா மேடம். கையில கிரீம் இருக்கும்ல? நீங்க அந்தப் பக்கம் போனதும் இன்னொரு தரம் முதல்லேர்ந்து கழுவிடுவேன். அதான் நேரமாயிடும்."

பேராசிரியை தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள்.

"அன்னிக்கு அவ்வளவு திட்டினேனே... அப்பவாவது சொல்லியிருக்கலாமே அக்கா?"

"எப்படி மேடம் சொல்றது? பசங்க எல்லாம் நின்னுட்டிருந்தாங்களே!"