கப்பல் தானாகப் போகிறது

“இப்ப வரும், பாருங்கோ,” என்று அவள் சொல்லிவிட்டாள்.

வரவில்லை.

திரையில் விண்கலம் தனியாகப் போனது. கரிய வானம், நட்சத்திரங்கள், நடுவே ஒரு கப்பல். இடமிருந்து வலம் ஊர்ந்து மறைந்தது.

லண்டன் ஹாரோவில் ஞாயிறு மதியம். அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு வந்தவர்கள், பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே, பொரித்த மீன் ரோல்ஸைக் கடிக்காமல் கையில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தில்லையம்பலம் அங்கிள்தான் முதலில் வாயைத் திறந்தார். லண்டனுக்கு வந்த புதிதில் அப்பாவோடு ஒரே அறையில் படுத்து எழும்பியவர்.

“எங்கையடாப்பா உன்ர கை?”

அறை வெடித்துச் சிரித்தது.

அப்பாவும் சிரித்தார். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

அந்தக் காலத்தில் அப்பா ஒரு தொலைக்காட்சிப் படப்பிடிப்புக் கூடத்தில் எடுபிடி வேலை செய்தார். விண்வெளியில் தபால் கொண்டுபோகும் இரண்டு சோம்பேறிகளைப் பற்றிய நகைச்சுவைத் தொடர். பரம ஏழைத் தொடர். சுவரெல்லாம் அட்டை. யாராவது கதவைச் சாத்தினால் கப்பலே ஆடும். வேற்றுக்கிரகத்து அரசன் சோறு வடிக்கும் பாத்திரத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வருவான். எதையும் அவர்கள் ஒளிக்கவில்லை. எங்களிடம் இவ்வளவுதான் இருக்கிறது, வா, சேர்ந்து சிரிப்போம் என்பதுபோல் இருக்கும். இரவல் சோபாவும் ஒழுகும் கூரையுமாக இருந்த வீட்டில் அவளுக்கு அது நன்றாகப் புரிந்தது.

ஒரு காட்சியில் பொம்மைக் கப்பலைத் தள்ளும் கை தெரிந்துவிடும்.

சின்ன விரல் மடங்காத கை. அப்பாவின் கை.

சிறுமியாக இருந்தபோது வீடியோ நாடாவில் பார்த்திருக்கிறாள். பிறகு நாடா பூசணம் பிடித்துப் போனது. தில்லையம்பலம் அங்கிள் அதைப் பார்த்ததில்லை, நம்பியதும் இல்லை. எந்தக் கல்யாண வீட்டிலும் அப்பாவைக் கண்டால், “வழி விடுங்கோ, நடிகர் வாறார்” என்பார்.

இன்றைக்கு அந்த வாயை அடைக்கவேண்டும் என்றுதான் தொடரின் புதிய வட்டை வாங்கினாள். கடையில் இருந்தவற்றில் விலை கூடிய பதிப்பு. பழைய குறைகள் யாவும் நீக்கப்பட்டன என்று பெட்டியில் பொன்னெழுத்தில் போட்டிருந்தது.

அதை வாசித்துவிட்டுத்தான் வாங்கினாள்.

குறைகள்.

பின்னால் ஓட்டி மறுபடி போட்டாள். அறையில் இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. கை இருந்த இடத்தில் நட்சத்திரங்களை நட்டிருந்தார்கள். கப்பல் மழமழவென்று, யாருடைய உதவியும் இல்லாமல் போனது.

“ஆரைக் கேட்டு அழிச்சவங்கள்?”

அவள் கத்திய கத்தலில் ஒருவர் தட்டை மேசையில் வைத்தார்.

“நாளைக்கே போன் எடுத்துக் கிழிக்கிறன். ஒரு மனுசன்ர கையை ஊத்தையெண்டு துடைச்சிருக்கிறாங்கள்!”

“விடு பிள்ளை,” என்றார் அப்பா.

“என்னத்தை விடுறது? உங்களுக்குக் கோவமே வராதே அப்பா?”

அப்பா கையிலிருந்த ரோல்ஸைப் பார்த்தார். கடிக்கவில்லை.

“கறுப்புத் திரைக்கு முன்னால கறுப்புக் கையுறை போட்டுத்தான் தள்ளுறது. போட்டால் கை தெரியாது. எனக்கும் தந்தவங்கள்.”

ரோல்ஸைத் தட்டில் வைத்தார்.

“நான்தான் கழட்டினனான்.”

“ஏன்ரா?” தில்லையம்பலம் அங்கிளின் குரலில் பாதிச் சிரிப்பு மிச்சமிருந்தது.

“அங்க நிண்ட காலம் முழுக்க ஒருத்தனும் என்ர பேரைக் கேக்கேல்ல.”

கோபமாகச் சொல்லவில்லை. கடைக்குப் போனேன், பால் இல்லை என்பதுபோல் சொன்னார்.

“அண்டைக்கே என்னை வேலையால நிப்பாட்டிப்போட்டாங்கள். ஆனால் அந்தக் காட்சியைத் திருப்பி எடுக்க அவங்களிட்டக் காசில்லை. கையோடதான் போட்டாங்கள்.”

தவறுதலாகத் தெரிந்த கை என்றே அவள் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். தோழிகளிடம் அப்படித்தான் சொல்லியும் இருக்கிறாள். பாவம் அப்பா, அவசரத்தில் கையை எடுக்க மறந்துவிட்டார் என்று.

என்ன செய்வதென்று தெரியாமல் அவள் மீண்டும் பின்னால் ஓட்டினாள்.

கரிய வானம்.

கப்பல் புறப்பட்டது. இம்முறை அறையில் ஒரு சத்தமும் இல்லை.

நட்சத்திரங்கள்.

சரியாகக் கப்பல் நடுவுக்கு வந்தபோது சிரிப்பு எழுந்தது. அன்று அந்தக் கூடத்தில் உட்கார்ந்து படப்பிடிப்பைப் பார்த்தவர்களின் சிரிப்பு, காட்சியோடு பதிவானது. ஒரு பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. எவனோ சீழ்க்கையடித்தான். கைதட்டல் அடங்கவே இல்லை.

கப்பல் ஓரத்துக்குப் போய் மறைந்தது.

தில்லையம்பலம் அங்கிள் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார்.

“இதில ஒண்டும் நடக்கேல்லையே,” என்றார். “என்னத்தைப் பாத்து இந்தச் சிரிப்புச் சிரிக்கிறாங்கள்?”

கேட்டுவிட்டு, மெல்லத் திரும்பி அப்பாவின் கையைப் பார்த்தார்.