எர்த் ஒயர்

வீட்டைப் பாகம் பிரித்ததிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை. ஆனாலும் தினமும் காலையில் இன்னாசியின் பழைய பைக்கைத் தம்பி சூசைதான் வாய் திறக்காமல் தள்ளிவிடுவான். கிக்கர் உடைந்து நாளாகிவிட்டது. ஸ்டார்ட்டர் பட்டனை அமுக்கினால் ‘டக்’ என்ற ஒற்றைச் சத்தம்தான்.

ஞாயிறன்று இன்னாசி பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றிப் பார்த்தார். போல்ட்டுக்கு அடியில் ஒரே துரு. உப்புத்தாளால் தேய்த்து முறுக்கியதும் ஒரே அமுக்கில் வண்டி உறுமியது. உடனே அணைத்துவிட்டார். நல்லவேளை, சூசை பூசைக்குப் போயிருந்தான்.

மறுநாள் பட்டனைத் தொடாமல் வண்டிமேல் உட்கார்ந்திருந்தார். சூசை வந்தான். பளபளத்த போல்ட்டைக் குனிந்து பார்த்தான்.

“எர்த்தத் தேய்ச்சிட்டீங்க போல.”

“ஆமாடா.”

சூசை கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனான்.

“செகண்ட் கியர்ல போடுங்கண்ணே.”