சாலைக்கு அடியில் ஒரு வழி

நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பெருச்சாளி குடியிருந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் கடலைக் காடு. கடலை தின்னக் கிளம்பிய அதன் தங்கை லாரியில் அடிபட்டுச் செத்துப்போனது. அன்றிலிருந்து பெருச்சாளிக்கு ஒரே நினைப்பு. சாலைக்கு அடியிலேயே வளை தோண்டிவிட வேண்டும், குட்டிகள் பயமில்லாமல் போய்வர வேண்டும்.

சொன்னால் சிரிப்பார்களோ என்று அது யாரிடமும் மூச்சு விடவில்லை. மற்ற வேலையெல்லாம் முடிந்த பிறகு தனியாகக் கொஞ்சம் தோண்டும். வருஷங்கள் ஓடியும் பாதிச் சாலையைக்கூட எட்டவில்லை. ஐப்பசி மழையில் அதுவும் சரிந்துவிட்டது.

மழைத் தண்ணீரோடு சாலையைத் தாண்டி வந்த ஒரு வாய்க்கால் நண்டு, வாசலில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்த பெருச்சாளியைப் பார்த்தது.

“என்னண்ணே, இப்படி உட்கார்ந்திருக்கீங்க?”

பெருச்சாளி தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னது. நண்டு சிரிக்கவில்லை.

“நான் அந்தப் பக்கம்தான் இருக்கேன். மண் தோண்டுறதுதான் எனக்கும் பொழைப்பு. அங்கிருந்து நான் தோண்டிட்டு வந்தா உங்களுக்குப் பாதி வேலைதானே? முன்னாடியே கேட்டிருக்கலாமே?”

“வெட்கமா இருந்தது தம்பி.”

தை பிறந்த சமயம், ஒரு காலையில் மண்ணுக்கு அப்பால் சுரண்டும் சத்தம் கேட்டது. பெருச்சாளி வேகவேகமாகப் பறித்தது. மண் உதிர்ந்து, நண்டின் கொடுக்கு எட்டிப் பார்த்தது.

குட்டிகள் கடலைக்கு ஓடின. பெருச்சாளி மட்டும் காட்டின் கடைசி வரப்பில் ஏறி நின்றது. கீழே அகலமாக ஓர் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

அங்கிருந்த தவளை, கொக்கு எல்லோருக்கும் கேட்கும்படி அது சத்தமாகச் சொன்னது:

“நான் அக்கரைக்குப் போகணும். யாருக்காவது வழி தெரியுமா?”