காதில் விழாத இடம்

மாலை நான்கு மணிக்கே அறையில் மழையிருட்டு. மடிக்கணினியின் முன் மருந்துக்கடைக்காரர் உட்கார்ந்திருக்கிறார். மருந்துச் சீட்டில் எழுதியிருப்பதைப் படிக்க முடியாமல் போனதால் அவர் கடைக்குப் போவதை நிறுத்தி ஒரு மாதமாகிறது. கண் கைவிட்டும், பொழுதுபோக்காக வீடியோ கேம் செய்யும் ஆசை விடவில்லை. மவுஸால் படங்களை இழுத்து வைத்துச் செய்த பழைய மென்பொருள் இனி உதவாது. காதால் கேட்டே எழுதக்கூடிய ஒரு கணினி நிரல் மொழி வேண்டும். பக்கத்தில் மனைவி, அர்த்தம் புரியாத வரிகளை எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். “டாக்டர் கையெழுத்தே தேவலைங்க. இது பைத்தான். அடுத்த வரி கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கு.” “எவ்வளவு தள்ளி?” “நாலு எழுத்து இடம் இருக்கும்.” “அந்த இடத்தை வச்சுத்தான் ஒரு பகுதி எங்க முடியுதுன்னு தெரியும். வெறும் இடம் காதுல விழாதே. அடுத்ததைப் படி.” அவள் அடுத்த மொழியான லுவாவை வாசிக்கிறாள். ஒவ்வொரு பகுதியும் ‘எண்ட்’ என்ற சொல்லோடு முடிகிறது. அந்தச் சொல் வரும்போதெல்லாம் அவருடைய விரல் மேசையில் ஒருமுறை தட்டுகிறது. “இதுதான். முடியற இடத்தை வாய்விட்டுச் சொல்லுது.” திரையின் ஓரத்தில், அவர் போன வருஷம் வரைந்த மஞ்சள் யானை குடை பிடித்து நிற்கிறது. “அப்ப இந்த யானை?” “இனிமே அது காலடிச் சத்தம் மட்டும்தான்.” அவளுடைய விரல், தினமும் அவருக்காகச் செய்கிற வழக்கத்தில், திரையின் வெளிச்சத்தைக் கூட்டுகிறது, கடைசி அளவுவரை கூட்டுகிறது. அவருடைய முகமெல்லாம் மஞ்சள் படர்கிறது. “ஏன் நிறுத்திட்ட?” என்கிறார், ஜன்னல் பக்கம் பார்த்தபடி. “படி.”