சாம்பிள் துணி

துணி ஓட ஓட, மேலே மாட்டியிருந்த கேமரா அடிக்கு அடி ‘பீப் பீப்’ என்று கத்தியது. இழை அறுந்ததையும் ஓட்டை விழுந்ததையும் படம் எடுத்தே கண்டுபிடிக்கும் மெஷின் அது. வந்த முதல் நாளே மில் முதலாளியின் மானத்தை வாங்கியது.

“அத்தனையும் குறையா? உங்க கேமராவுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா தம்பி? கழட்டி எடுத்துட்டுக் கிளம்புங்க!”

பொருத்த வந்த இன்ஜினீயருக்கு அது ஆறு மாத உழைப்பு.

“சார், நல்ல துணி எப்படி இருக்கும்னு அதுக்குத் தானா தெரியாது. நீங்க குடுத்தனுப்பின சாம்பிளைப் பார்த்துத்தான் கத்துக்கிச்சு. அதுக்கு மாறா இருந்தா கத்தும்.”

“அது எங்க மில்லுலயே பொறுக்கி எடுத்த துணியாச்சே! மாப்ள, நீதானே குடுத்தே? சொல்லு!”

மேற்பார்வை பார்க்கும் மைத்துனன் தலையைச் சொறிந்தான். இன்ஜினீயர் ஸ்க்ரூவைக் கழற்றப் போவதைப் பார்த்ததும் அவனுக்கு மனசு கேட்கவில்லை.

“ஒரு குறைகூட இருக்கக் கூடாதுன்னு சொன்னீங்க மாமா. மூணு நாள் நம்ம குடோனையே புரட்டிப் பார்த்தேன். ஒரு முழம்கூடத் தேறல. அதான்...”

“அதான்?”

“எதிர்ல இருக்கிற மில்லுல போய் பத்து மீட்டர் வாங்கிட்டு வந்தேன்.”