பூசைப் பட்டியலில் ஒரு பெயர்

“அந்தோனிமுத்துவின்ர மனுசியின்ர பேரை வெட்டு, அஜந்தினி,” என்றார் செல்வரட்ணம் அங்கிள்.

மீன் தொழிற்சாலை கன்ரீனில் என் மடிக்கணினியில் பட்டியல் திறந்திருந்தது. முள்ளிவாய்க்காலில் செத்துப்போன எங்கள் ஆட்களின் பெயர்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாதர் ஒவ்வொன்றாக வாசிப்பார்.

“ஏன் அங்கிள்?”

“சனமெல்லாம் றோட்டிலை நிண்டு கத்தேக்கை, அவன் இஞ்சை மீன் வெட்டிக்கொண்டு நிண்டவன். ஒரு நாளாவது ஊர்வலத்துக்கு வந்தவனோ? எங்கட பூசையிலை அவனுக்கென்ன?”

அவர் சங்கத் தலைவர். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. போன மாதம் சண்டையை நிறுத்தச் சொல்லி கொப்பன்ஹேகனுக்கு பஸ்ஸில் போய், தொண்டை கட்டும்வரை கத்தியவர்களில் நானும் ஒருத்தி. லீவு தந்த எங்கள் மேற்பார்வையாளர், போமன் பவுலை நல்லவன் என்று பஸ் முழுக்கக் கதைத்தோம்.

பற்றிமா என்ற பெயரை அழித்தேன். ஒரு தட்டு, அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து அந்தோனிமுத்து அங்கிள் கோப்பியோடு வந்தார்.

“பேர் போட்டாச்சோ பிள்ளை?”

நான் திரையைப் பார்த்தேன். செல்வரட்ணம் அங்கிள் தன் நகத்தைப் பார்த்தார்.

 அந்தோனிமுத்து அங்கிள் யன்னலோரம் தன் மேசைக்குப் போனார். நாலு கதிரை போட்ட மேசை. மே மாதத்திலிருந்து மற்ற மூன்றிலும் யாரும் இருப்பதில்லை. நானும்தான்.

பத்து மணிக்கு யூனிவர்சிற்றியிலிருந்து கியர்ஸ்டன் வந்தாள். கரையோர ஊர்களுக்கு அடி விழுந்தால் அவை எப்படித் தாங்குகின்றன என்று ஆராய்ச்சி செய்கிறாளாம். மீன் குறையுது, பாங்குகள் கவிழுது, பக்கத்து ஊர்களில் தொழிற்சாலைகளை மூடுறாங்கள். இங்கே மட்டும் எப்படி ஓடுது என்று தெரிய வேண்டுமாம்.

மொழிபெயர்க்க என்னைப் பிடித்தார்கள். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். ஆனால் செல்வரட்ணம் அங்கிளின் இருபது வருச டேனிஷ் மெசினோடு கதைக்கத்தான் காணும்.

“எங்கட பலம் ஒற்றுமை,” என்றார் அவர். “ஒருத்தன் விழுந்தா பத்துப் பேர் தூக்குவம். வடிவா எழுதச் சொல்லு.”

கியர்ஸ்டன் எழுதினாள். பிறகு ஒரு தாளை விரித்தாள். மே மாத வேலை அட்டவணை.

“உங்கள் ஆட்கள் ஒன்பது பேர் லீவில் போயிருக்கிறீர்கள். ஆனால் ஒரு நாள்கூட வேலை நிற்கவில்லை. எப்படி?”

“அதுதான் சொன்னனே, ஒற்றுமை.”

“பெட்டி அடுக்க வெளியாட்கள் வந்திருக்கிறார்கள், சரி. ஆனால் மீன் வெட்டும் மெசினுக்குக் கத்தி பூட்டத் தெரிந்தவர்கள் இங்கே இரண்டே பேர். ஒருவர் நீங்கள். நீங்கள் லீவில் நின்ற பதினொரு நாளும் உங்கள் இடத்தில் இந்தப் பெயர் இருக்கிறது. அவருடைய ஓய்வு நாட்களிலும் இருக்கிறது. யார் இவர்?”

நான் குனிந்து பார்த்தேன். அந்தோனிமுத்து.

செல்வரட்ணம் அங்கிள் தமிழில் மெல்லச் சொன்னார்: “ஓவர்டைம் காசுக்கு நிண்டவன் எண்டு சொல்லிவிடு.”

“ஓவர்டைம் காசுக்கு நின்றவர் என்று உன்னிடம் சொல்லிவிடச் சொல்கிறார்,” என்று நான் டேனிஷில் சொன்னேன்.

கோப்பி எடுக்க வந்த பவுல் திரும்பிப் பார்த்தார்.

“காசுக்கா? மற்றவர்களுக்கு லீவு வேண்டும் என்று என்னிடம் வந்து நின்றதே அவர்தான். கத்தி பூட்ட ஆள் இல்லாவிட்டால் மெசின் நிற்கும், ஒருத்தரையும் விடமாட்டேன் என்றேன். ‘நான் நிற்கிறேன், அவர்களை விடு’ என்றார். வெளியே சொல்ல வேண்டாம் என்றும் கேட்டார்.”

அதைத் தமிழில் சொன்னேன். யன்னலோரம் அந்தோனிமுத்து அங்கிள் பாணைக் கோப்பியில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

செல்வரட்ணம் அங்கிள் மடிக்கணினியை என் பக்கம் தள்ளினார்.

“சரி, பேரைப் போடு. கடைசியிலை போடு.”

பற்றிமா என்று திரும்பத் தட்டினேன்.

கியர்ஸ்டனின் பேனை அட்டவணையில் இன்னும் ஓரிடத்தில் நின்றது.

“மே பதினெட்டு, திங்கட்கிழமை. அவருக்கு லீவு என்று எழுதி, பிறகு வெட்டியிருக்கிறதே?”

அன்றைக்குத்தான் நாங்கள் ஒன்பது பேரும் ஒன்றாக பஸ் ஏறினோம்.

 பவுல் கோப்பையை மேசையில் வைத்தார்.

“அன்று விடிய அவருக்கு போன் வந்தது. மனைவி ஷெல் விழுந்து செத்துப்போனா என்று. பஸ் இன்னும் வெளிக்கிடவில்லை. ‘செல்வரட்ணத்தை இறக்கி இங்கே கூப்பிடுகிறேன், நீ வீட்டுக்குப் போ’ என்று சொல்லி, அந்த லீவை எழுதியது நான்தான்.”

இதை நான் தமிழில் சொல்லத் தேவை இருக்கவில்லை; செல்வரட்ணம் அங்கிளுக்குத் தன் பெயர் கேட்டதே போதும்.

அந்தோனிமுத்து அங்கிள் அன்றைக்கு வீட்டுக்குப் போகவில்லை. எங்கள் பஸ் ஒன்பது பேரோடும்தான் போனது.