பிடிமானம்

பனி விழுமுன் குளிர்கால டயர் மாற்றியாக வேண்டும். வீட்டில் இரண்டு கார்கள், கையில் ஒரு காருக்குத்தான் பணம். ஸ்தோய்மென் தன் மனைவி தெசிஸ்லாவாவோடு டயர் கடைக்கு வந்திருந்தான்.

"இது விலையும் கம்மி, ஐஸ்லயும் நல்லாப் பிடிக்கும்," என்றார் கடைக்காரர் ராங்கெல்.

"மலையைத் தாண்டிப் போகலாமா?" என்று கேட்டாள் தெசிஸ்லாவா.

ஸ்தோய்மென் கெக்கலித்தான். "தெருமுனை ரொட்டிக்கடைக்கே வழி கேக்குறவ, மலையைத் தாண்டப் போறாளாம்! இவ ஓட்டுற லட்சணத்துக்கு மொட்டை டயரே ஜாஸ்தி."

ராங்கெல் சங்கடத்தோடு தலையைக் குனிந்துகொண்டார். தெசிஸ்லாவா முகம் மாறவில்லை.

"அப்ப உங்க வண்டிக்கே போட்டுருங்க."

"பாத்தீங்களா, அண்ணே? களிமண்ணு மண்டையிலகூட எப்பவாவது ஒரு புல்லு முளைக்குது!"

மறுநாள் காலையில் வாசலெல்லாம் பனி மூடியிருந்தது. மனைவியின் சின்னக் கார் மட்டுமே நின்றது. ஸ்தோய்மென் பதறிப்போய் அவளுக்குப் போன் போட்டான்.

"என் வண்டியக் காணோம்டி! நீ எங்க இருக்கே?"

"மலைக்கு அந்தாண்ட, எங்க அக்கா வீட்ல. அது எங்கப்பா எனக்கு வாங்கித் தந்த வண்டி. பெரிசா இருக்குன்னு நீதான் பிடுங்கிக்கிட்டே."

'நீ'யா? இதுவரை 'நீங்க' என்றுதானே சொல்வாள்! "எ... எப்பத் திரும்பி வருவே?"

"வர்றதா இல்ல. நல்ல டயரை எனக்குன்னு கேட்டிருந்தா நீ போட்டிருப்பியா? அதான் உனக்குன்னு கேட்டேன்."